சுவரை இடித்த புதன்கிழமை

கும் ஹெலிக்,
ஏப்ரல், சனிக்கிழமை காலை.

அன்புள்ள மைரிக்,

நான் நலம். இடுப்பு அறுவைக்குப் பிறகு உன்னை எழுந்து நடக்க விட்டார்களா, ஆஸ்பத்திரி ஓட்ஸ் கஞ்சி தொண்டையில் இறங்குகிறதா, எல்லாம் எழுது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் கத்துவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முதலில் நல்ல செய்தி: ஆடுகள் எல்லாம் பிழைத்துவிட்டன. ஒரு குட்டிகூடப் போகவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

ஞாயிறன்று தேவாலயம் விட்டு வெளியே வரும்போது பிடித்த மழை, புதன்வரை விடவில்லை. வசந்தம் என்று பெயர்தான். மஞ்சள் டாஃபடில் பூக்களெல்லாம் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தன. நீ சொல்லிப் போனபடி, ஈன்ற ஆடுகளையும் குட்டிகளையும், ஈனவிருந்த ஒன்றையும் ஆற்றங்கரைப் புல்வெளியில்தான் விட்டிருந்தேன். புதன் காலை போய்ப் பார்த்தால் புல்வெளியைக் காணோம். உள்ளே போகும் கேட்டின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. ஆடுகள் அத்தனையும் ஓரத்து மேட்டில் ஒண்டி நின்று கத்திக்கொண்டிருந்தன. மூன்று பக்கமும் ஆறு. நான்காவது பக்கம் உன் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் உன் அண்ணன் ஹெவினின் நிலம்.

நான் யோசிக்கவில்லை, மைரிக். உன் அப்பா நிலத்தைப் பிரித்த நாளிலிருந்து நம் வீட்டில் யாரும் மிதிக்காத அவர் வாசலில் போய், கதவை இரண்டு கையாலும் தட்டினேன். ஹெவின் ரொட்டியும் கையுமாக வந்து திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். "சுவர இடிக்கணும். வேற வழியில்ல" என்றேன்.

"அவன் ஒத்துக்குவானா?" என்று கேட்டார்.

"அவர் ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். நான் இங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க வர்றீங்களா இல்லையா?"

ரொட்டியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

உன் சுவரை நீயே மெச்சிக்கொள்ளலாம். மேல் வரிசைக் கற்களே அசைய மாட்டேன் என்றன. மூச்சு வாங்க நின்ற ஹெவின், "நல்லாத்தான் கட்டியிருக்கான் பாவி" என்றார். திட்டுவது போலத் தெரியவில்லை எனக்கு. தபால் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்த மாப்லி, "அண்ணனும் தம்பியும் பத்து வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கட்டிக் காத்த சுவரு, லேசுல விழுமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்லைப் புரட்டினாள். அவள்தான் ஊர் முழுக்கச் சொல்லியனுப்பியவள். கொஞ்ச நேரத்தில் தேவாலயப் பாட்டுக் குழுப் பெண்கள் எல்லோரும் ரப்பர் பூட்ஸும் குடையுமாக வந்து சேர்ந்தார்கள்.

சுவர் ஒரு வண்டி போகும் அளவுக்கு விழுந்தது. ஆடுகள் ஹெவினின் பார்லி வயலுக்குள் தெறித்து ஓடாமல் இருக்க, பெண்கள் இரண்டு பக்கமும் விரித்த குடைகளோடு வேலி போல நின்றார்கள். நான் பின்னாலிருந்து விரட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "நகரத்துப் பெண், பஸ் ஓட்டியவள், இவளுக்கு ஆடு மேய்க்கத் தெரியுமா?" என்று நம் கல்யாணத்தன்று என்னைப் பற்றிக் கேட்ட உன் அத்தையும் குடை பிடித்து நின்றாள். "அப்படித்தான் நெரிஸ், விடாத!" என்று அவளே கத்தினாள்!

கடைசியாக நம் கறுப்புமூஞ்சி ஆடு மட்டும் வரவில்லை. அப்போதுதான் ஈன்று முடித்திருந்தது. தண்ணீர் என் முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஹெவின் இறங்கி வந்து அதை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். குட்டியை நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நாங்கள் இடைவெளியைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது மேட்டைக் காணோம். ஆற்றங்கரையில் அப்படியொரு கூச்சல், கைதட்டல்! மழையைவிட அதிகமாக நாங்கள்தான் சத்தம் போட்டோம்.

நேற்று வெயில் வந்துவிட்டது. ஆடுகள் இன்னும் அவர் நிலத்தில்தான் மேய்கின்றன. சுவரைத் திரும்ப அடுக்கப் போவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அங்கே ஒரு கேட் போடலாம். கத்துவதானால் இப்போது கத்திக்கொள்.

இன்னொன்று. கல் புரட்டும்போது ஹெவின் என் முகத்தைப் பார்க்காமல், "வலி ரொம்ப இருக்காமா அவனுக்கு?" என்று கேட்டார். உன்னை வீட்டுக்கு அனுப்பும் நாளில் காரை எடுத்துக்கொண்டு அவரே வருகிறாராம். வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் சரி, மைரிக். முன் இருக்கையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
நெரிஸ்