அப்பா வெட்டிய வரப்பு

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம்.

நடவுக்கு முன்னால் வயலில் வரப்போரம் சீவி அண்டை வெட்டிக் கரையைச் சீராக்க ஆள் சொல்லியிருந்தேன். நீங்கள் போக வேண்டாம் என்றேன், கேட்கிற ஆளா உன் அப்பா? காலை மாத்திரை போட்டதும் கை நடுக்கம் கொஞ்சம் அடங்கும் அல்லவா, அந்த நேரம் பார்த்து மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். நான் கஞ்சி கொண்டு போவதற்குள் நமக்கும் பக்கத்து வயல் நெடுமாறனுக்கும் பொதுவான வரப்பைக் கோணலாக வெட்டி, அவன் வயலுக்குள்ளேயே போய்விட்டிருந்தார். நெடுமாறன் வந்து குதித்தான். கூலிக்குப் போன குடும்பம், ஒரு மா நிலம் வாங்கினதும் அடுத்தவன் மண்ணு கேக்குதா என்றான். அப்பாவோ, நேராத்தாண்டா வெட்டியிருக்கேன், உனக்குக் கண்ணு தெரியலையா என்று அவனையே அதட்டினார். வரப்பு பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது.

மறுநாளே தஞ்சாவூர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஐந்து மூலைக் கட்டம் இரண்டை ஒன்றோடொன்று கோத்தாற்போல் வரைந்து, இதே மாதிரி கீழே போடுங்க என்றார் டாக்டர். அப்பா கீழே போடவில்லை, டாக்டர் போட்ட கோட்டின் மேலேயே கொண்டுபோய் இழுத்தார். மூலையும் இல்லை, முடிவும் இல்லை. சரியா இருக்கா பாருங்க என்று சிரித்துக்கொண்டே நீட்டினாரடி. இது கை நடுக்கத்தால் இல்லைம்மா, நடுக்க நோய் முற்றி மூளையைத் தொட்டிருக்கு, மறதியோட சிலருக்கு இதுவும் வரும், கண்ணால் பார்க்கிறதை இருக்கிறபடி போட முடியாது, கை மாதிரிப் படத்து மேலேயே போய் விழும் என்றார் டாக்டர். ஓரம் சீவப் போன கை வரப்பு மேலேயே போய் விழுந்திருக்கிறது, அங்கும் நடந்தது அதுதான் என்று அப்போது விளங்கியது.

நெடுமாறனிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று வலங்கைமான் பஸ்ஸில் வரும்போது சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். களவாணின்னு சொன்னா சொல்லிட்டுப் போறான், புத்தி கெட்டவன்னு மட்டும் சொல்ல வெச்சிடாத வேம்பு என்றார். நெடுமாறன் பிராது வைத்து ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியபோது எழுந்து நின்று, ஆசைப்பட்டு வெட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க என்று எல்லாரையும் கும்பிட்டார். ஊரார் இப்போது அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

யாராவது உனக்கு வாட்ஸ்அப்பில் இதைச் சொன்னால் அப்பாவிடம் கேட்டுவிடாதே. குளிரில் பிள்ளையை வெளியே கொண்டுபோகாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உங்கள் மூன்று பேரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த முறை போனில் பேசும்போது, அப்பா காதில் விழும்படி, எங்கள் அப்பா ஒருநாளும் அடுத்தவர் மண்ணைத் தொட்டதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடு. நேற்று சோற்றில் கை வைத்தவர், நெடுமாறன் மண்ணை நான் எதுக்கு வேம்பு திருடினேன் என்று என்னைக் கேட்கிறார். நீங்க திருடலீங்க என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், நான்தானே ஊர் முன்னால ஒத்துக்கிட்டேன் என்கிறார்.

உன் அம்மா,
ரெ. வேம்பு