குப்பை அறைக்குப் பக்கத்து வாசல்

கருமத்தம்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

இனியா கண்ணு,

உன் அம்மாவைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லிப் படம் போட்டிருக்கிறாய். மற்றபடி இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் இதை ஆரம்பித்தால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நானும் பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் அக்காவும் அந்த இடத்துக்குப் போயிருந்தோம். அப்பாவும் நானும் வேலை பார்த்து, கடைசியில் மூடிப்போன மில் இருந்த இடம்தான். முதலாளியின் பேரன் வம்சி அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறான் என்பதும், பார்சிலோனாவில் நீ வேலை செய்கிற ஆபீஸ்தான் படம் போடுகிறது என்பதும், கீழ்த்தளம் முழுக்க உன் கையால் வரைந்தது என்பதும் நம் தெருவுக்கே தெரியும், அப்பா ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. ஏசி போட்ட கொட்டகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டிடத்தின் மாடலை வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். தூணெல்லாம் மரம் மாதிரி மேலே போய்க் கிளை பிரிகிறது, கூரை அலை மாதிரி வளைகிறது, உட்காருகிற மேடையில் உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஒட்டியிருக்கிறீர்கள். இதெல்லாம் நீ ஓயாமல் சொல்வாயே, அந்த ஊரில் இருந்த அந்தோனி கௌடி என்கிற கட்டிடக்காரர், அவர் கட்டியதைப் பார்த்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாவாத்தாள் அக்காவிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அங்கே விளக்கம் சொல்ல நிற்கிற பெண், மேக்னா என்று சட்டையில் குத்தியிருந்தது, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “ஏனுங்க்கா, ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வந்தீங்களா, பேரு குடுத்துட்டுப் போங்க” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எங்கள் சேலை அவளுக்குப் பதில் சொல்லியிருக்கும். நாங்கள் ஒன்றும் சொல்வதற்குள் மாடலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப்போய், குப்பை அறைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் கதவைக் காட்டினாள். “வேலைக்கு வர்றவங்க எல்லாம் இப்படித்தானுங்க. லிஃப்ட்டும் தனிங்க. குடியிருக்கறவங்ககூடக் கலக்காதுங்க” என்றாள். இதை இப்படி யோசித்தது யார் என்று கேட்டேன். “பார்சிலோனாவுல இருக்கற மேடமுங்க, இனியான்னு பேரு, நம்மூருப் புள்ளதானாமாங்க” என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் பாவாத்தாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான், “ஏன் செவ்வந்தி, உன்ற மக நம்மள மறக்கவே இல்ல பாரு, நமக்குன்னு தனியா ஒரு வாசலே வெச்சுக் குடுத்துப்போட்டா” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். வம்சி கேட்டதுதாம்மா, எல்லா அப்பார்ட்மென்டிலும் இருக்கிறதுதானே, யார் எப்படி வரவேண்டும் போகவேண்டும் என்று பிரிப்பதும் எங்கள் வேலைதான், படத்தில் அது ஒரு சின்னக் கோடு என்றாய். எனக்கு அந்தக் கோட்டை நன்றாகத் தெரியும் கண்ணு. அவிநாசி ரோட்டில் நான் சமைக்கப் போகிற வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. போன மாதம் வேலைக்காரர் லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடந்தது, பக்கத்திலேயே இன்னொரு லிஃப்ட் ஆளில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது, நான் உள்ளே காலை வைத்தேன், வாட்ச்மேன் செங்கோடன் ஓடிவந்துவிட்டார். “அக்கா, நான் என்னங்க பண்றது, மேல கேமரா பாத்துட்டே இருக்குதுங்க, என்ற வேலை போயிருமுங்க” என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போனதும் அந்த வீட்டம்மா ஏன் லேட் என்றுதான் கேட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறார்கள், உன்னைப் பற்றி விசாரிக்கிறார்கள், லிஃப்ட்டில் மட்டும் கூட நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

என் அப்பா காளிச்சாமி கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பண்ணையத்தில் இருந்தவரைக்கும் கூலி வாங்கவும் கஞ்சி வாங்கவும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம்தான் போனார். உன் அப்பாவும் நானும் மில்லுக்கு வந்து சேர்ந்தது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அங்கே சங்கு ஊதினால் எந்தச் சாதிக்காரனும் ஒரே கேட்டில்தான் நுழையவேண்டும், முதல் நாள் எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. மில் நல்ல இடம் என்று சொல்லவரவில்லை, பஞ்சு நெஞ்சைத் தின்றுவிட்டது, முதலாளி கடைசியில் எல்லோரையும் கைவிட்டார். ஆனால் கேட் ஒன்று. அதே மண்ணில் இப்போது இரண்டு வாசல் வைத்திருக்கிறாய்.

உன் கௌடியைப் பற்றி நீ சொன்ன எதையும் நான் மறக்கவில்லை. செம்புப் பாத்திரம் அடிக்கிறவர் மகன் என்றாய், அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களை நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் மூட்டுவலி வந்து மற்ற பிள்ளைகளோடு ஓடமுடியாமல் செடியையும் பூச்சியையும் பார்த்துக்கொண்டே கிடந்தவர், அதுதான் பின்னாடி தூணாகவும் கூரையாகவும் வந்தது என்றாய், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன். மில் முதலாளி ஒருத்தர் தன் தொழிலாளிகளுக்காகக் கோயில் கட்டச் சொன்னார், அதற்கு இவர் கயிற்றைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டு நிரப்பிய சின்னச் சின்னப் பைகளைக் கட்டி, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து வளைவைக் கண்டுபிடித்தார், முதலாளி வீட்டில் பணத்தை நிறுத்தினதும் கோயில் பாதியில் நின்றது என்றாய். நிற்காமல் என்ன செய்யும். பார்சிலோனாவில் இன்னொரு பெரிய கோயில் கட்டும்போது பக்கத்திலேயே வேலைக்காரர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், அதற்கும் அலை மாதிரியே கூரை போட்டார் என்றும் நீதான் சொன்னாய். வம்சிக்கு நீ மரத்தூணையும் அலைக்கூரையையும் எடுத்துக்கொடுத்தாய், அந்தப் பள்ளிக்கூடத்தை ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தாய்? அவர் செத்து நூறு வருஷம் ஆகிறது என்று ஊரே விழா எடுக்கிறதாமே. டிராம் மோதி ரோட்டில் கிடந்தவரை, பழைய துணியைப் பார்த்துப் பிச்சைக்காரன் என்று நினைத்து டாக்சிக்காரர்கள் ஏற்றவில்லை, ஏழைகள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று சொல்லும்போது நீ அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை. நிஜமாகவே பிச்சைக்காரனாக இருந்திருந்தால் இந்தக் கதையை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதே துணியோடு அந்தக் கிழவர் உன் கட்டிடத்துக்கு வந்தால் அவரையும் குப்பை அறைப் பக்கம்தான் அனுப்புவார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். “புள்ளைய வையாத, அது பொழப்பு” என்றார். உன் பெயர் போட்ட அடுக்குமாடி நோட்டீஸைச் சுவரில் ஒட்டியிருந்தார், அதைக் கிழிக்கவும் இல்லை, அதன் பக்கம் பார்க்கவும் இல்லை, இந்த வாரம் முழுக்க டீக்கடைக்கும் போகவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசிப் படம் மாத முடிவில்தான் வம்சிக்குப் போகும் என்று நீயே சொன்னாய். அந்தக் கதவை எடுத்துவிடு. வம்சி கோபித்துக்கொள்வான், ஆபீஸில் பேச்சு வரும், தெரியும். நான் ஏழு மாடி ஏறினதை நினைத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பார், முடியாது என்றால் முடியாது என்று அவர்கள் வாயால் சொல்லட்டும், நீயாக முந்திக்கொண்டு சொல்லாதே.

இன்னொன்று. நேற்று நானும் பாவாத்தாள் அக்காவும் திரும்பப் போய் மேக்னாவிடம் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தோம். நம் தெருவிலிருந்து பஸ் நேராகப் போகிறது, ஏழாவது மாடியை விட இது எனக்குத் தேவலை. கட்டிடம் எழும்ப வருஷம் ஆகும், ஆகட்டும். முதல் நாள் நான் முன்வாசல் வழியாகத்தான் நுழைவேன், மரத்தூண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவேன், யாராவது ஓடிவந்து நிறுத்துவார்கள்.

குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அனுப்பின ராகி மாவைக் காற்றுப்படாமல் வை. நீ எழுப்புகிற சுவர் எவ்வளவு வளைந்தாலும் விழாமல் நிற்கட்டும், உனக்கு ஆயுசும் தைரியமும் கூடட்டும். கொட்டகையில் உன் பெயரைச் சொன்னபோது நான் உன் அம்மா என்று சொல்லாமல் வந்துவிட்டேன், உனக்குக் கேவலமாகிவிடுமோ என்று பயந்துதான் சொல்லவில்லை. முன்வாசலில் நிறுத்தி நான் யார் என்று கேட்பார்கள். அன்றைக்கு உன் பெயரைச் சொல்லலாமா, கூடாதா? வேறெதுவும் வேண்டாம், அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
செவ்வந்தி