துமினி துமினி

அஸ்ஸலாமு அலைக்கும். அன்புக் கணவர் கார்தோவுக்கு. நீங்களும் பிள்ளைகளும் நலமா? நான் நலம்.

இன்று அலுவலகத்தில் நானும் பக்கத்து மேசை ஹஃபீஸும் மட்டும்தான். நான் எழுதிய நிரல் இணையத்துக்குப் போகும் வழியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக் காவல் நிற்கும் கணினி, கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியும் நிரலைத் திருப்பி அனுப்பியபடியே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நிரல் ஓடாவிட்டால் வேலை போய்விடும். தொழும்போதும் அதே நினைவு.

ஹஃபீஸ் கேட்டான்: "அக்கா, ஜாவாக்காரங்களுக்கு ஒத்தைப் பேர்தானே? இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப படிவத்துல குடும்பப் பேருக்கு என்ன போட்டாங்க?"

"இல்லன்னு சொன்னேன்."

"கட்டத்தைக் காலியா விட மாட்டாங்க, அதையே ரெண்டு தடவை போட்டிருப்பாங்க. தப்பு பேர்ல இருக்கு, நீங்க கடவுச்சொல்லைப் போட்டு அடிக்கிறீங்களே!"

பெயரை 'துமினி துமினி' என்று கொடுத்ததும் வழிவிட்டது. வேலை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

கணினிக்கு நான் இருமுறை துமினி. இங்கே சாப்பாட்டு மேசையில் நான் ஒருத்திதான். வீட்டில் விட்டு வந்த தொழுகை அங்கியை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசம் அதில் அப்படியே இருக்கட்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

துமினி