கை மாறிய இடம்

இன்று காலை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மாள் பழைய பட்டுப்புடவை ஒன்றை எடுத்துவந்தார். பெரிய மகள் முகூர்த்தத்துக்கு உடுத்தியதாம். இளையவளுக்கும் அச்சு அசலாக இதே போல வேண்டுமாம். மடிப்பைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாதி நான் நெய்து, மீதியை நீ என் தறியில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்த புடவை.

அந்த அம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கரையோரமாக விரலை ஓட்டினேன். என் கை நின்று உன் கை தொடங்கிய இடம் எங்கே என்று தேடினேன்.

அந்த வருஷம் ஐயம்பேட்டைக்குப் போகிற வழியில் சைக்கிளோடு விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. இழையை நெருக்கத் தறிப் பலகையை இழுத்து அடிக்கிற வேகம் ஆளுக்கு ஆள் வேறு. இடையில் கை மாறினால் துணியில் ஒரு கோடு விழும். கோட்டைப் பார்த்தால் முதலாளி புடவையையும் எடுக்கமாட்டார், அடுத்து நெய்யப் பாவு நூலும் தரமாட்டார். அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து நீ வந்தாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை.

"கையை ஆட்டாம உக்காருப்பா. நான் முடிச்சுத் தர்றேன்," என்றாய்.

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இவனுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் தோன்றியது. முதல் நாள் முழுக்க நீ நாடாவை ஓட்டி ஓர் இழைகூட நெய்யவில்லை. நான் நெய்திருந்ததையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். குறை கண்டுபிடித்து முதலாளியிடம் வத்தி வைக்கப்போகிறாய் என்று முடிவு கட்டினேன். மறுநாளிலிருந்து தறிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"வந்தவருக்கு டீ குடுப்பாங்களா, காவல் இருப்பாங்களா?" என்று என் மனைவி திட்டினாள். நான் அசையவில்லை.

அவளிடம் சொல்லமுடியாத காரணம் ஒன்று இருந்தது. அதற்கும் பத்து வருஷம் முன்பு உன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன் மச்சான் உன் தறியில் நாலு நாள் நெய்தான். அந்தப் புடவையை முதலாளி என்னிடம் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நல்ல பாவெல்லாம் உனக்கே போகிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல். "இது ரெண்டு கை," என்றேன். ஒரு வருஷம் உன் தறி காலியாகக் கிடந்தது.

அப்படிச் செய்தவனுக்கு எவன் சும்மா வந்து உதவுவான்? உனக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா என்று நாள் முழுக்க உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புடவை முடிந்தது. முதலாளி வெயிலில் விரித்துப் பார்த்தார். கோடு இல்லை. "ஜோரா இருக்குதுப்பா," என்று எடுத்துக்கொண்டு போனார். முதல் நாள் நீ தடவிப் பார்த்தது நான் அடிக்கிற வேகத்தைப் பழகத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் சந்தேகம் போகவில்லை. பதிலுக்கு ஏதாவது கேட்பாய் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன். நீ கேட்காமல் இருந்தது எனக்கு இன்னும் உறுத்தியது.

நீ கடைசியாகப் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் வந்து சொன்னேன். "ரெண்டு கைன்னு போட்டுக் குடுத்தது நான்தான்பா."

"தெரியும். அன்னிக்கே முதலாளி சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு என் தறியில வந்து உக்காந்தே?"

"தறி காலியா கெடந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் இல்ல." இருமி முடித்துச் சிரித்தாய். "நீ பயந்துக்கினு பக்கத்துலயே உக்காந்திருந்தே பாரு, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த இரண்டு காரணத்தில் எது பெரியது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் யாராவது ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்தால், இவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் முதலில் நினைக்கிறேன். பிறகு உன் ஞாபகம் வரும். காரணம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் குழம்பு குழம்புதான் என்று வாங்கிக்கொள்கிறேன்.

இன்று மூன்று தடவை விரலை ஓட்டியும் அந்த இடம் அகப்படவில்லை. அம்மாள் பயந்துபோனார்.

"ஏதாச்சும் பழுதா?"

"பழுது இல்லம்மா. ஆனா இதே மாதிரி என்னால தரமுடியாது. இது ரெண்டு கை."

அவர் புடவையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியவே இல்லையே?"

"தெரியாதும்மா," என்றேன். ரெண்டு கை என்பது அன்று உன்னைக் கவிழ்த்த அதே சொல்தான். இந்த முறை உன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.