பொத்தானில் கட்டிய சணல்

லெக்சிங்டன் அருகே, மிசௌரி
1856, மே மாதம்

அன்பு மகன் ஹைரமுக்கு,

அம்மா எழுதுகிறேன். கான்சாஸ் மண்ணில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அந்தப் பக்கம் போகிற கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று பேச்சு. அதனால் ஊசி நூல் விற்கிற ஜெர்மன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

சணல் விதைத்தாகிவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டது, கிடாரி. அப்பாவுக்கு முழங்கால் வலி. அதைவிட வாய்தான் அதிகம். "கான்சாஸ்ல அடிமை கூடாதுன்னு சட்டம் வந்துட்டா நம்ம பாடு என்ன? எல்லையைத் தாண்டினா போச்சு, நம்ம அடிமைக அம்புட்டு பேரும் ஓடிருவானுக" என்று சாப்பாட்டு மேசையிலும் அதே பாட்டு. அந்தப் பயத்தில்தான் நம் சமையல்காரி ஹெஸ்டரின் இரண்டு பையன்களையும் பனி விலகியதும் தெற்கே விற்றுவிட்டார். எந்த ஊருக்கு என்று வியாபாரி சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ஹெஸ்டர் இன்னும் எங்களுக்குத்தான் சமைக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

இப்போது உன் தம்பி விஷயம். போன வருடம் இங்கிருந்து வந்து உங்கள் தேர்தலில் கள்ள ஓட்டுப் போட்ட கூட்டத்தில் வெஸ்லியும் இருந்தான். நம் பக்கத்து ஆள் என்று தெரிய எல்லாரும் கோட்டுப் பொத்தானில் சணல் இழை கட்டிக்கொண்டு போனார்கள். "அடையாளம் இருந்தா போதும்மா, எந்த ஊருன்னுகூடக் கேக்க மாட்டாங்க" என்று சிரித்தான். சந்தைக்குப் போகிறவனுக்குப் போலச் சோள ரொட்டியும் பன்றி இறைச்சியும் கட்டிக் கொடுத்தேன். விளையாட்டு என்றே நினைத்தேன்.

இந்த முறை அதே கூட்டத்தோடு பீரங்கியும் போகிறது. அடிமை கூடாது என்கிற வடக்கத்தியார் நிறைந்த உன் லாரன்ஸ் ஊருக்குத்தான். பாதிரியார் ஆராதனையிலேயே துப்பாக்கிகளை ஆசீர்வதித்தார். "அங்க உன் அண்ணன் இருக்கான்டா" என்று வெஸ்லியிடம் சொன்னேன். "வடக்கத்தியானுகளோட சேர்ந்தப்பவே அவன் அண்ணன் இல்ல" என்றான். சின்னப் பையன், கூட்டத்தில் கற்றுக்கொண்ட பேச்சு.

புறப்படுகிற அன்று அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனபோது, ஆணியில் தொங்கிய கோட்டிலிருந்து அந்த இழையைப் பிய்த்து வாசலில் எறிந்தேன். அது இருந்தால் உன் ஆட்கள் குறி பார்ப்பார்கள் அல்லவா? எறிந்த பிறகுதான் உறைத்தது. இல்லாவிட்டால் கூடப் போகிறவர்களே வேற்றாள் என்று சுட்டுவிடுவார்களே! குடித்துவிட்டுப் போகிற கூட்டம். மண்ணில் தேடி எடுத்து, துடைத்து, என் கையாலேயே திரும்பக் கட்டினேன், ஹைரம். மூன்று தரம் அவிழ்ந்த பிறகுதான் முடிச்சு நின்றது.

அவன் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஹெஸ்டர் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "உங்க பிள்ளைங்க ரெண்டும் எங்க இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுதேம்மா" என்றாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

இன்று இந்த எல்லையில் நடப்பது நாளைக்கு நாடு முழுக்க நடக்கும் என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வீடு இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

கூட்டம் வழியில் தங்கித் தங்கித்தான் போகுமாம். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். ஊரை விட்டு வந்துவிடு என்று கேட்க மாட்டேன், நீ வரமாட்டாய். அப்பா செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சணல் கட்டிய மெலிந்த பையன் எவனாவது உன் துப்பாக்கிக்கு நேரே வந்தால், சுடுமுன் "வெஸ்லி" என்று ஒரு தரம் கத்து. உன் குரல் கேட்டால் நிற்பான். இதேபோல உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி அவனிடமும் கெஞ்சினேன். நான் சொல்லி முடிக்குமுன்னே குதிரை ஏறிவிட்டான்.

அதனால் நீ முதலில் கூப்பிடு, மகனே.

கர்த்தர் என் பிள்ளைகள் இருவரையும் காப்பாராக.

உன் அம்மா,
கெசியா