எதற்கு வந்தீர்கள், அக்கா?

அக்கா,

பஸ் குடிகாட்டைத் தாண்டும்போது எல்லாரும் ஜன்னலை இறக்கினார்கள். நான் இறக்கவில்லை. அந்தக் கெமிக்கல் கம்பெனி வாடை உங்கள் புடவையிலும் இருக்கும். காலேஜ் ஆபீஸில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினோரு வருஷம் அதை முகர்ந்தவள் நான்.

என் மாமியார் பக்கவாதத்தில் படுத்தபோது நாத்தனார்கள் போனில் அழுததோடு சரி. நீங்கள்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்துக்கு எங்கள் வீடு தேடி வந்தீர்கள். "நீ போய் ஒரு மணி நேரம் படு" என்று என்னை அனுப்பிவிட்டு, அவருக்கு உடம்பு துடைத்து, கால் கழுவி, எண்ணெய் தேய்ப்பீர்கள். நான் எங்கே படுத்தேன்? கதவிடுக்கில் நின்றேன். சும்மா யாராவது வருவார்களா, அதுவும் வேதக்காரர்கள்? சாகப்போகிறவரை மதம் மாற்றத்தான் வருகிறீர்கள் என்று மனசு அடித்துச் சொன்னது. உங்கள் பையைத் துழாவினேன். ஒரு நோட்டீஸ்கூட இல்லை, எண்ணெய் பாட்டில்தான். ஜெபம் பண்ணிய எண்ணெயோ என்னவோ என்று அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு எங்கள் எண்ணெயை ஊற்றி வைத்தேன். ஒருநாள் உங்கள் உதடு அசைந்தது. உள்ளே பாய்ந்து வந்து, "ஜெபமா?" என்றேன்.

"எத்தன துணி நனஞ்சிருக்குன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றீர்கள்.

எட்டாவது மாசம் கேட்டேவிட்டேன். "எங்கள மாத்தத்தானே வர்றீங்க?"

நீங்கள் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"அந்த ஆச இல்லன்னு சொன்னா பொய்யாப் போயிடும்" என்றீர்கள். "ஆனா எங்க ஆண்டவரு, தன்னக் காட்டிக் குடுக்கப் போறவன் காலையுந்தான் கழுவி விட்டாரு. தெரிஞ்சேதான் கழுவுனாரு. அவன் மாறவா செஞ்சான்? அன்புன்னா எங்களுக்கு அதாம்மா. நீ மாறாட்டியும் அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன்."

நன்றாகத்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் விபூதிப் பட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். நீங்கள் காரியம் முடியும்வரை கூட இருந்து பாத்திரம் கழுவினீர்கள். அப்போதும் நம்பவில்லை. அடுத்தது என்னிடம்தான் வருவீர்கள் என்று காத்திருந்தேன். அதற்குள் நீங்களே கண்ணை மூடிவிட்டீர்கள்.

இப்போது உங்கள் அம்மாவுக்காக வருகிறேன். மூட்டு விட்டுப்போய் அவர்களால் எழுந்து நடக்க முடியவில்லை. உங்கள் தம்பி குடும்பம் வெளிநாட்டில். இது நாலாவது ஞாயிறு. இன்று கால் கழுவிக்கொண்டிருந்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, நீ எங்க சபையுமில்ல, சொந்தமுமில்ல. சும்மா எதுக்கு வர்ற? வீட்ட எழுதி வாங்கலாம்னு பாக்குறியா?"

சுரீர் என்றது. நான் கேட்டபோது உங்களுக்கும் இப்படித்தான் சுட்டிருக்கும். மன்னித்துவிடுங்கள் அக்கா. உங்கள் சாமி மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. நான் இங்கே வந்தது அன்பினாலா, செய்த தப்புக்குப் பரிகாரமா என்று என்னையே என்னால் நம்ப முடியவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "அடுத்த வாரமும் வருவேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பீரோ சாவியை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் காலை நீட்டினார்கள். நான் கழுவினேன்.