மூன்றாம் ஓலை

ராணுவ மருத்துவமனை,
பெங்களூர்,
23-1-1972

அன்புள்ள ராஜமேரிக்கு,

இது என் கைப்பட எழுதும் கடிதம். என் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியும். டிசம்பர் சண்டையில் தலையின் பின்பக்கம், இடப்புறம், குண்டுச் சிதறல் பட்டது. எடுத்துவிட்டார்கள். நடக்கிறேன், சாப்பிடுகிறேன், பேசுகிறேன். ஒன்றுதான் போய்விட்டது. என்னால் படிக்க முடியவில்லை. எழுத வருகிறது. எழுதி முடித்து அதையே பார்த்தால், யாரோ தெரியாத பாஷையில் கிறுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. இங்கேயும் முதலில் ஒருவரும் நம்பவில்லை.

நீ அனுப்பிய மூன்று கடிதங்களையும் பக்கத்துக் கட்டில் சலாவுதீன் அண்ணன்தான் வாசித்தார். தருமபுரிக்காரர். ஒரு கால் போய்விட்டது, குரல் போகவில்லை. உங்கள் வெள்ளாடு இரண்டு குட்டி போட்ட செய்தி வார்டு முழுவதற்கும் தெரியும்.

அக்டோபரில், தடை ஏதும் உண்டா என்று ஊரறியக் கேட்கும் நம் கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறில் இரண்டு ஞாயிறு மாதா கோயிலில் வாசித்தார்கள். மூன்றாவதற்கு முன் தந்தி வந்து நான் பட்டாளத்துக்குத் திரும்பினேன். அந்த மூன்றாம் ஓலை இனி வேண்டாம். உன் அப்பாவிடம் சொல்லிவிடு. புத்தகத்தை விட்டு ஒரு நாள் இருக்க முடியாதவள் நீ. எழுத்துத் தெரியாதவன் உனக்கு எதற்கு?

இப்படிக்கு,
கஸ்பார்

*

இண்டூர்,
3-2-1972

மதிப்பிற்குரிய கஸ்பார் அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள்.

அப்பா உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியாதா? பொண்ணு வேணாம்னா நேரா சொல்லிட்டுப் போறது. இதென்ன நாடகம்?" என்றார். அம்மா விடவில்லை. "மண்டையில அடிபட்ட புள்ளையப் போயி இப்படிப் பேசறீங்களே, வாய் கூசல?" என்று சண்டைக்குப் போனார். இரண்டு நாளாக அவர்களுக்குள் பேச்சில்லை. களி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

நான் நம்புகிறேன்.

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். இரண்டாம் ஓலை வாசித்தது அக்டோபர் இருபத்து நான்கு. ஆறு மாதம் தாண்டினால் அது செல்லாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்கிறார். இன்னொரு முறை தொடங்க அப்பா சம்மதிக்கமாட்டார். மாப்பிள்ளை கைப்பட எழுதிக் கேட்டால் மூன்றாவதை வாசிக்கிறேன் என்றும் சாமியார் சொன்னார். ஏப்ரல் இருபத்து மூன்றுதான் கடைசி ஞாயிறு.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். எனக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை பஸ் ஏறித் தருமபுரி நூலகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்வேன்.

மற்றவை உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியவை. வார்டு முழுவதும் கேட்கும் என்கிறீர்கள். ஆகவே, வெள்ளாட்டுக் குட்டிகள் இரண்டும் நலம்.

தங்கள்,
ராஜமேரி

*

பெங்களூர்,
21-2-1972

அன்புள்ள ராஜமேரிக்கு,

நீ கேட்டதற்காக டாக்டரிடம் கேட்டேன். மலையாளி, கோபக்காரர். ஆனால் கேட்டதும் முகம் மலர்ந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் பெரிய கைக்குட்டையை விரித்துக் காட்டினார். மூளையின் மேலே இதைப் போல ஒரு போர்வை இருக்கிறதாம். பெருமூளைப் புறணி என்று பெயர். சாம்பல் நிறம். நம் ஊர் ராகி ரொட்டியின் கனம்கூட இல்லை. மண்டைக்குள் அடங்க வேண்டுமே என்று கைக்குட்டையைக் கசக்கி ஒரு கைக்குள் திணித்தார். அதுதான் மூளையில் தெரியும் மடிப்புகள்.

"பொறணியா? எங்க தெருவுல அது வேணுங்கற மட்டும் கெடைக்குமே டாக்டர்" என்றார் சலாவுதீன் அண்ணன். டாக்டருக்குப் புரியவில்லை.

அந்தப் போர்வையில் இடத்துக்கு ஒரு வேலை. நெற்றிக்குப் பின்னால் யோசிக்கிற இடம். உச்சியிலிருந்து காதுப் பக்கம் ஒரு பள்ளம் இறங்குகிறது. அதற்கு முன்கரையில் கைகாலை அசைக்கிற இடம், பின்கரையில் தொட்டதை உணர்கிற இடம். காதருகே கேட்கிற இடம். பிடரிப் பக்கம் பார்க்கிற இடம்.

எனக்கு இடது பிடரிப் பக்கம் போய்விட்டது. அதனால் இரண்டு கண்ணிலும் வலப்பாதி இல்லை. சோற்றுத் தட்டில் வலப்பக்கம் வைத்தது அப்படியே கிடக்கும். இடப்பாதியைப் பார்ப்பது வலது மூளை. பார்த்த எழுத்து இன்னதென்று அறிகிற இடமோ இடது மூளையில். நடுவில் உள்ள பாலம் பின்பக்கம் அறுந்துவிட்டது. பார்த்தது போய்ச் சேரவில்லை. எழுதுகிற கைக்கு அந்தப் பாலம் தேவையில்லையாம்.

கடைசியில் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் உள்ளங்கையில் விரலால் ஓர் எழுத்து எழுதும்படி அண்ணனிடம் சொன்னார். 'ம' என்று உடனே சொன்னேன். கண்ணைத் திறந்து அதையே தாளில் பார்த்தேன். தெரியவில்லை. இதனால் என்ன பயன்? ஓலையைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

கஸ்பார்

*

இண்டூர்,
27-3-1972

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லையே என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தீர்களா?

நூலகத்தில் உடற்கூறு பற்றி ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அதில் மூளையின் படத்தை நான்கு வண்ணத்தில் பிரித்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்து, உங்களுக்கு அடிபட்ட இடம் இதுவாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். நூலகர் முறைத்தார். நல்லது எதையாவது படித்தால் சொல்ல நிமிர்வதும், நீங்கள் அங்கே இல்லாததும் எனக்குப் பழகவே இல்லை. போன புரட்டாசியில் பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மீதிக் கதையச் சொல்லிட்டுப் போ, இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது" என்றீர்கள். மீதி இன்னும் என்னிடமே இருக்கிறது.

நான் பாடம் நடத்தும் ஒன்றாம் வகுப்பில் குள்ளம்மாள் என்று ஒரு பெண். பலகையில் எழுதினால் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. மணலில் எழுதி, அவள் விரலைப் பிடித்து அதன்மேலேயே ஓட்டினால் பாதி போவதற்குள் கத்திச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் அவள் விரலைப் பிடித்தபடியே உங்கள் கடிதத்தை நினைத்தேன். உள்ளங்கையில் 'ம' தெரிந்தது என்றால், பாலம் அறுந்தாலும் ஊருக்குப் போகச் சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது.

இனி எழுதுவது சலாவுதீன் அண்ணனுக்கு. அண்ணா, இதுவரை என் கடிதங்களுக்குக் குரல் கொடுத்தீர்கள். இத்துடன் ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். கன்னியர் மடத்தில் கற்ற தையல், முரட்டு நூல். அதை விரிக்காமல் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தையல் போகும் வழியே விரலை நடத்த வேண்டும். உங்கள் தங்கையாக நினைத்து இதை மட்டும் வாசிக்காமல் விடுங்கள்.

தங்கள்,
ராஜமேரி

*

கஸ்பார்

புத்தகம் இருக்கிறது

நீ இல்லை

வா

மேரி

*

பெங்களூர்,
9-4-1972

என் மேரிக்கு,

கைக்குட்டையை அண்ணன் தன் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார், கோயிலில் சாமியார் நன்மை அப்பத்தை ஏந்துவதுபோல. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதிர்க் கட்டில்காரர் என்ன சேதி என்றதற்கு, "ஆடு குட்டி போட்ட சேதிதான், நீ போய்யா" என்று அதட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். என் பெயர் சீக்கிரம் வந்துவிட்டது. 'புத்தகம்' என்பதற்கு ஒரு மத்தியானம் முழுவதும் போனது. விரல் ஓட ஓட வாயும் சேர்ந்து முணுமுணுத்தது. கடைசி எழுத்து வந்ததும் முழுச் சொல்லும் உனது குரலில் கேட்டது. 'நீ இல்லை' என்பதை மூன்று முறை தடவினேன். வேறு ஏதாவதாக மாறாதா என்று. 'வா' மட்டும் விரல் வைத்தவுடன் தெரிந்தது.

முதல் தடவையாக என்னை நீ என்று சொல்லியிருக்கிறாய். நூல் மிச்சமாகட்டும் என்றா? எதற்காக இருந்தாலும் இனி மாற்றாதே.

புத்தகத்தைப் படித்து உன்னோடு பேச முடியாதவனிடம் உனக்குச் சலித்துப்போகும் என்று பயந்துதான் வேண்டாம் என்றேன். படிக்கிறவள் நீ, கேட்கிறவன் நான் என்பது முன்பே அப்படித்தானே இருந்தது. பள்ளி வாசலில் நின்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சாமியாருக்கு இன்றே எழுதிவிட்டேன், இருபத்து மூன்றாம் தேதி மூன்றாம் ஓலையை வாசிக்கும்படி. அதில் என்ன தப்பு இருக்கிறது என்று என்னால் பார்க்க முடியாது. அதை உன் அப்பாவிடம் காட்டும்படி சாமியாரிடம் சொல். மே மாதம் என்னை விடுவிக்கிறார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணன் கட்டைக்காலோடு கல்யாணத்துக்கு வந்து, ஆட்டுக்குட்டிகளை நேரில் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

ஒரு சந்தேகம் இருந்தது. தெருவில் நடந்தால் வலப்பக்கம் வருகிறவர்கள் மேல் முட்டிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் நீ நின்றால் எனக்கு நீ இல்லாதது போலத்தான் இருக்கும். நேற்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஞாபகம் வந்தது. நம் கோயிலில் பீடத்தின் முன்னால் பெண்ணை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்தானே நிறுத்துவார்கள்.

அந்தப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

உன்,
கஸ்பார்